ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆளைக் கொடுங்கள்: நான்கு துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறை, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, பள்ளிக் கல்வித் துறை, மாற்றுத் திறனாளிகள் நலத் துறை ஆகிய நான்கு துறைகளின் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வளர்ச்சியிலோ படிப்பிலோ குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக, நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் என்ன நடக்கும் என்று தெரியும். "தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதி அடுத்த துறைக்குத் தள்ளுவீர்கள், அவர்கள் அதற்கடுத்த துறைக்கு. திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்த மனுக்களுக்கு வரும் பதில்களை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி, அதனால் அந்த வரி எனக்கு மனப்பாடம்.

வட மாவட்டம் ஒன்றில், ஒரு சின்ன ஒன்றியத் தலைநகரில், இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். மாவட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கோ ஒரு கிளார்க்குக்கு மெமோ போகும், வேறு எதுவும் மாறாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று ஓடிக்கொண்டிருக்கும் என் கடைக்கு, பேச்சு வராத பிள்ளை, நடக்காத பிள்ளை, ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட பிள்ளை, நாலாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை என்று அழைத்துக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். மாற்றுத் திறனாளிக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்க, பராமரிப்பு உதவித்தொகைக்குப் பதிய, ஆதாரில் பெயர்ப் பிழை திருத்த வழி கேட்க. அப்பாக்கள் அபூர்வம். பாதிப் பேர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள், மீதிப் பேர் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நிற்பார்கள்.

அந்த அம்மாக்கள் கையில் ஒரு பை இருக்கும். ஜவுளிக்கடைப் பை, இல்லையென்றால் மஞ்சப்பை. மேசையில் கொட்டினால் அரசாங்கமே கொட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சீட்டு, பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் வந்த டாக்டர் குழு எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டு, குறைபாட்டைச் சின்ன வயதிலேயே பரிசோதித்துப் பயிற்சி தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தின் கோப்பு எண் எழுதிய அட்டை, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மைய முகாமில் கொடுத்த டோக்கன், இந்தப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் ஸ்பெஷல் டீச்சர் நோட்டுத் தாளில் கிழித்து எழுதிக் கொடுத்த போன் நம்பர், தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கி எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கவர். பத்திரமாக இருக்கட்டும் என்று மூலச் சான்றை லேமினேட் வேறு செய்து வைத்திருப்பார்கள். ஸ்கேன் செய்தால் வெள்ளையாகப் பளபளக்கும், அதில் மறுபடி சீல் குத்தவும் முடியாது. உங்கள் நான்கு துறைகளும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் அந்தப் பைதான். அதைத் தூக்கிக்கொண்டு அலைவது எட்டாவது படித்த ஒரு பெண்.

இந்த மாநிலத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். பக்கத்து மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்கே இருப்பதைப் பார்த்து வாயைப் பிளக்கின்றன. 2013இல் தொடங்கிய பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு வண்டியோடு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும், வருகிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று 0 முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் தருபவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று பணியிடப் பட்டியலே நீளமாக இருக்கிறது. வட்டார வள மையத்தில் ஸ்பெஷல் டீச்சர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டு வழிக் கல்வி இருக்கிறது, குறைபாட்டைக் கண்டறிய ஆசிரியர்கள் கையிலேயே 'நலம் நாடி' செயலி இருக்கிறது, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது, டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் டிக்கெட் கிடையாது. உலக வங்கிக் கடனில் மாற்றுத் திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டம், அதில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள். எல்லாம் சரி.

சிக்கல் எங்கே என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில். அங்கேதான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வயதாகியும் பேச்சு இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் கவனித்தார், வண்டியில் வந்த டாக்டரிடம் காட்டினார். டாக்டரும் சந்தேகப்பட்டு, மாவட்ட மையத்தில் காது பரிசோதனை செய்யச் சொல்லிச் சீட்டு எழுதினார். அம்மா போனார், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி. அன்று பரிசோதிக்கும் ஆள் விடுப்பு. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் நெல் அறுவடை, அதற்கடுத்து மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அதற்குள் வீட்டில் பெரியவர்கள் "அவ அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான், பொண்ணு பேசுவா, விடு" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்தச் சீட்டு பைக்குள் போய்விட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகு, வட்டார வள மையத்தில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் மருத்துவ முகாமில் பார்த்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சை இலவசம், பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சை அது, ஆனால் 6 வயதுக்குள் செய்ய வேண்டும். அந்த வயது தாண்டியிருந்தது. காப்பீட்டு அட்டை விவரம் பார்க்க என் கடைக்கு வந்தபோதுதான் இந்தக் கதை முழுக்கத் தெரிந்தது, பையிலிருந்து அந்தப் பழைய பரிந்துரைச் சீட்டும் மடிப்புக் கலையாமல் வந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? அங்கன்வாடிப் பணியாளர் தன் வேலையைச் செய்தார். டாக்டர் செய்தார். விடுப்பு எடுப்பது ஒரு ஊழியரின் உரிமை. ஸ்பெஷல் டீச்சர் செய்தார். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வராது. எல்லோரும் தங்கள் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒரே ஒருவர், ஒரு போன் போட்டு, "ஏம்மா, காது டெஸ்டுக்குப் போனியே, பார்த்தாங்களா?" என்று கேட்கவில்லை. கேட்பது யாருடைய வேலையும் இல்லை. உங்கள் நான்கு துறைகளின் அரசாணைகளில் எதிலும் அப்படி ஒரு வேலை எனக்குக் கண்ணில் படவில்லை.

நான் கேட்பது அந்த வேலையைத்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள். பெயர் உள்ள, போன் நம்பர் உள்ள, பிள்ளையின் முகம் தெரிந்த ஒரு ஆள்.

இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் "எங்களிடம் சமூகப் பணியாளர் இருக்கிறார்" என்று பதில் வரும். இருக்கிறார், மாவட்ட மையத்தில், மேசைக்குப் பின்னால். முழு மாவட்டத்துக்கும் ஒருவர். நான் சொல்வது ஒன்றிய அளவில், சில பத்துக் குடும்பங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்த நாளிலிருந்து பிள்ளை பள்ளியில் நிலைக்கும் வரை கூடவே வருகிற ஆள். பிள்ளை அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது கோப்பும் கூடப் போக வேண்டும். இப்போது போவதில்லை. அங்கன்வாடி ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை. மூன்று வருடம் ஒரு பிள்ளையைப் பார்த்த பணியாளருக்குத் தெரிந்தது எல்லாம் ஜூன் மாதம் வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது. எமிஸ் எண், அதாவது பள்ளி மாணவர் பதிவு எண், புதிதாக வருகிறது, பிள்ளையும் புதிதாகிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அக்டோபரில்தான் "இவன் கூப்பிட்டா திரும்பறதே இல்லையே" என்று கவனிக்கிறார். அங்கன்வாடி அம்மாவுக்கு அது இரண்டு வருடம் முன்பே தெரியும்.

அடுத்து சான்றிதழ். இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் போனாலும் முதல் கேள்வி "அட்டை இருக்கா?" என்பதுதான். தெரபிக்கும் அட்டை, உதவித்தொகைக்கும் அட்டை. அட்டை கிடைக்க வேண்டுமென்றால் ஆன்லைனில் பதிய வேண்டும், மருத்துவமனையில் அதற்கென்று ஒதுக்கிய நாளில் போக வேண்டும், உளவியலாளர் இருக்க வேண்டும், பரிசோதனை முடிய வேண்டும், குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட வேண்டும், பெரும்பாலான சலுகைகளுக்கு அது நாற்பதாவது இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு என்றால் 5 வயது முடியும் வரை பொதுவான வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுவார்கள். மருத்துவ ரீதியாக அது நியாயம்தான், பிள்ளை மாறும். ஆனால் சின்னப் பிள்ளைக்குத் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகம், காலாவதித் தேதியோடு வரும், தேதி முடிந்தால் மறுபடி அதே வரிசை. இதற்கு நடுவில் ஆதார். என் கடையில் ஆதார் எடுப்பதில்லை, தாலுகா ஆபீஸுக்கோ தபால் நிலையத்துக்கோ அனுப்புவேன். 5 வயதில் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். ஆட்டிசம் உள்ள பையன் அந்தக் கருவியைப் பார்த்து ஒரு விநாடி நிற்பானா? தலையைத் திருப்புவான், கத்துவான், மேசைக்கு அடியில் போவான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் "புள்ளய ஒழுங்கா வளக்கத் தெரியல" என்று காது கேட்கவே பேசுவார்கள். அம்மா அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்துவார், அவன் அவர் கையைக் கடிப்பான். பிறகு "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பயோமெட்ரிக் எடுக்க முடியாதவர்களுக்கு விலக்களித்துப் பதியும் வழி ஆதாரிலேயே இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் தம்பிக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அல்லது பொறுப்பெடுக்கப் பயம்.

பயிற்சி தொடங்க சான்று எதற்கு? நடக்காத பிள்ளைக்குக் கால் நீட்டும் பயிற்சி தரவும், பேசாத பிள்ளையின் அம்மாவுக்கு "முகத்தைப் பார்த்துப் பேசுங்க, அவன் கை காட்டினா உடனே கொடுத்துடாதீங்க, வார்த்தைக்காக ஒரு நிமிஷம் காத்திருங்க" என்று சொல்லித்தரவும் நாற்பது சதவீதம் ஆகியிருக்க வேண்டுமா என்ன? பண உதவிக்குச் சான்று கேளுங்கள், தவறில்லை, அரசுப் பணம். சேவைக்கு சந்தேகம் போதும் என்று ஒரு அரசாணை போடுங்கள். மூளை வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான் என்று உங்கள் துறைப் போஸ்டர்களே சொல்கின்றன. அந்த ஆண்டுகளைத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் கழிக்கிறார்கள்.

நாற்பது சதவீதத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. படிப்பு ஏறாத பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று ஒரு பட்டியலில் போட்டு மாலையில் உட்கார வைத்து அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு தரம் நடத்துகிறார்கள். அதில் எத்தனை பேருக்கு எழுத்துகளைப் படிப்பதில் சிக்கல் தரும் டிஸ்லெக்ஸியா, எத்தனை பேருக்குக் கண்ணாடி வேண்டும், எத்தனை பேர் வீட்டில் இரவு அடிதடி நடப்பதால் தூங்காமல் வருகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்று அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் கடமையாக்குகிறது. அதில் நாற்பது சதவீதம் என்ற பேச்சே இல்லை. நடைமுறையில் அது எப்போது கண்டறியப்படுகிறது தெரியுமா? பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு. பையன் ஃபெயில் ஆகிவிடுவான், பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையும் என்ற பயம் வந்த பிறகு. அப்போதுதான் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருப்பது யாருக்காவது நினைவு வரும். விண்ணப்பத் தேதி அதற்குள் முடிந்திருக்கும். சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது, பெற்றோர் விவரம் அறிந்தவர்கள். எங்கள் பக்கத்துப் பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்று மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விடுகிறான், எல்லோரும் "அவனுக்குப் படிப்பு வராது" என்று முடித்துவிடுகிறார்கள்.

ஸ்பெஷல் டீச்சர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் சார்பில் நான் பேசக் கூடாது என்றாலும். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது, தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர். 2025 மார்ச்சில் மறுபடி மாநிலங்களைக் கூப்பிட்டு, பணியிடங்களை முறையாக அறிவியுங்கள் என்று உத்தரவிட்டது. எங்கள் ஒன்றியத்தில் ஒரு டீச்சர் ஸ்கூட்டியில் பல பள்ளிகளைச் சுற்றுகிறார். ஒரு பள்ளிக்கு மறுபடி வருவதற்குள் அந்தப் பிள்ளை அவரை மறந்துவிடுகிறது. தொகுப்பூதியம், பெட்ரோல் அவர் காசு. இதற்கு நடுவில் முகாம் ஏற்பாடு, படிவம், போட்டோ அப்லோடு. என் கடைக்கே வந்து அப்லோடு செய்துவிட்டுப் போவார், பள்ளியில் நெட் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் என்று நான் கேட்பதை இவர் தலையிலேயே கட்டிவிடாதீர்கள், அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு அது சுலபமாகத் தோன்றும், கூடுதல் பொறுப்பு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், குடும்பத்தை விட்டுவிட்டோம்.

தெரபி வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அங்கே வருகைப் பதிவு செயலியில், காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. பாதி நாள் தெரபிக்குப் போய்விட்டு வந்து பாதி நாள் வேலை பார்க்கிறேன் என்றால் முடியாது, அன்றைய கூலி போச்சு. பயணம் இலவசம்தான், ஆனால் அந்த இலவச டவுன் பஸ் எங்கள் கிராமங்களுக்கு நாளைக்குச் சில தடவைதான் வரும், ஏழு வயதுப் பெருமூளை வாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் ஏறிப் பாருங்கள். தனியாரிடம் போனால் 45 நிமிடத்துக்கு 400, 500 ரூபாய், நகரம் பெரிதாக ஆக அதற்கும் மேலே. அதிலும் யார் படித்தவர், யார் மூன்று மாதக் கோர்ஸ் முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வேலைக்குப் படித்தவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள் என்று நான் சொல்லி அனுப்புவேன், கேட்டால் "நம்பிக்கை இல்லன்னா வேற எடத்துக்குப் போங்க" என்பார்களாம். ஆட்டிசத்தை ஆறு மாதத்தில் குணமாக்குகிறோம் என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்துத் தரச் சொல்லி என்னிடமே ஒருவர் வந்தார். அனுப்பிவிட்டேன். எங்கேயாவது அச்சடித்திருப்பார்.

அப்புறம் வீட்டுக்குள். "உன் வயித்துல வந்த கோளாறு", "எங்க பரம்பரையில இப்படி யாரும் இல்ல", "போனக் குடுத்துக் குடுத்துக் கெடுத்தது நீதான்". எந்தக் குறைபாடாக இருந்தாலும் வழக்கு அம்மா மேல்தான். திருவிழாவுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், கல்யாணத்துக்கு அம்மாவும் பிள்ளையும் வீட்டோடு இருந்துவிட வேண்டும். மூத்த மகள் ஒருத்தி இருப்பாள், பத்து வயது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கு லீவு போடுவாள். அவளை யாராவது கேட்டோமா? மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, நல்ல சேவை, நானே கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் ஒரே போனை வைத்துக்கொண்டு, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு பெண் அதில் பேச மாட்டாள். அவளுக்கு வேண்டியது, வீட்டுக்கு வந்து, மாமியாரையும் உட்கார வைத்து, "பாட்டி, இது யார் செய்த தப்பும் இல்ல, உங்க பேரனுக்கு நீங்களும் இதச் சொல்லித்தரலாம்" என்று அரசாங்கத்தின் பெயரில் சொல்கிற ஒரு ஆள். எங்கள் ஊரில் டாக்டரம்மா சொன்னார், ஆபீஸர் சொன்னார் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையை மருமகள்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுங்கள் என்கிறேன்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இதைச் செய்துகொண்டிருக்கிறது. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது, அவரே கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். அங்கே உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு செயலியைக் கொடுத்து, வீடு வீடாக அனுப்புகிறார்கள். நிபுணர்கள் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள். பிள்ளை தினமும் இருக்கும் இடம் வீடு, அங்கேயே அம்மாவுக்குச் சொல்லித்தந்தால் குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் பயிற்சி நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. புரிந்துகொள்ள இதில் கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை.

ஒரு தொண்டு நிறுவனம் செய்யலாம், அரசாங்கத்தால் இவ்வளவு பெரிய அளவில் முடியாது என்பீர்களானால், உங்கள் சாதனையையே உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினீர்கள். இன்றைக்கு என் அப்பாவுக்கு பி.பி. மாத்திரை வாசலுக்கு வருகிறது, பக்கவாதம் வந்த எதிர்வீட்டுப் பெரியவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி நடக்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் விருது வந்தது, சந்தோஷம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினீர்களே, மாதம் 1,000 ரூபாய்க்கு ஊர்ப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று இன்றைக்கும் தெரியும். சர்க்கரை மாத்திரை தேடி வருகிறது, கல்வி தேடி வந்தது. உதவி ரொம்ப அவசரமாக வேண்டிய இந்தப் பிள்ளைகள் மட்டும் ஏன் உங்களைத் தேடி வர வேண்டும்?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். 'விழுதுகள்' மையங்களை ஏற்கெனவே திறந்துகொண்டிருக்கிறீர்கள், மாற்றுத் திறனாளிகளை வீடு வீடாகக் கணக்கும் எடுத்தீர்கள். கணக்கெடுக்க வந்த பெண் எங்கள் தெருவில் நன்றாகவே பேசினார், ஆனால் "இனி எப்ப வருவீங்க?" என்று கேட்ட அம்மாவுக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணையே, அல்லது அவரைப் போல ஒருவரை, மறுபடி வரச் செய்யுங்கள். நான்கு துறையும் கையெழுத்துப் போட்ட ஒரே கூட்டு அரசாணையில் அவருக்கு அதிகாரம் கொடுங்கள்: அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்க்கலாம், இடையீட்டு மையத்தில் நேரம் வாங்கலாம், தலைமை ஆசிரியரிடம் பேசலாம், ஆதார் மையத்துக்குக் கூடப் போய் விலக்கு கேட்கலாம், சான்று காலாவதியாகும் முன்பே குடும்பத்துக்குச் சொல்லலாம். நூறு நாள் வேலையில் தெரபி நாளுக்கு வருகைச் சலுகை வாங்கித் தருவது உங்கள் கையில் முழுதாக இல்லை என்று தெரியும், அது மத்திய அரசு விவகாரம், ஆனாலும் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் அல்லவா.

அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள், அதில் மட்டும் தன்னார்வலர், ஊக்கத்தொகை என்று ஆரம்பிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஆள் மாறினால் இந்தக் கடிதம் முழுக்க வீண். பிள்ளைக்கும் பழக்கம் விட்டுப்போகும், அம்மா மறுபடி முதலிலிருந்து எல்லாக் கதையையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எத்தனையோ மேசைகளில் சொல்லிச் சலித்த கதை அது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். ஒரு மாவட்டத்தில் இரண்டு ஒன்றியத்தில் தொடங்கிப் பாருங்கள், அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது அங்கன்வாடியிலிருந்து வரும் பிள்ளைகளோடு தொடங்குவது சரியாக இருக்கும். விளம்பரத்துக்கும் தொடக்க விழாவுக்கும் செலவு வேண்டாம். வட்டார வள மையத்தின் சுவரிலும் அங்கன்வாடிச் சுவரிலும் அந்த ஆளின் பெயரையும் போன் நம்பரையும் பெயின்ட்டில் எழுதிப் போடுங்கள். ஆள் மாறினால் மட்டும் அழித்து எழுதிக்கொள்ளலாம். என் கடைச் சுவரிலும் இடம் இருக்கிறது, வாடகை கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு இ-சேவை மையக்காரன்